என்னைக் கூப்பிட்டது யார்? மெயின்ஃபிரேம் சப்ரூட்டீனுக்குள் இருந்து காலரைக் கண்டுபிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சப்ரூட்டீனுக்கு உள்ளே இருந்தபடியே, தன்னைக் கூப்பிட்ட புரோகிராம் எது என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஐபிஎம் மெயின்ஃபிரேமின் ஆபரேட்டிங் சிஸ்டமான இசட்/ஓஎஸ்ஸில் கூப்பிட்டவர், அதாவது காலர், தன் தடயத்தை விட்டுவிட்டுத்தான் வருகிறார். வேலை முடிந்ததும் சப்ரூட்டீன் திரும்பிப் போக ஒரு முகவரி வேண்டுமே, அது ரெஜிஸ்டர் 14இல் (ரெஜிஸ்டர் என்பது பிராசசருக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடம்) இருக்கிறது. அந்த முகவரி காலரின் கோடுக்குள்தான் (அதன் கட்டளைகளுக்குள்தான்) இருக்கும். அதைப் பெயராக மாற்றுவதில்தான் வேலை இருக்கிறது.

ஆனால் ஆரம்பிப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். "காலர்" என்று நீங்கள் சொல்வது எதை? கால் ஸ்டேட்மென்ட் இருக்கும் புரோகிராமையா, அது அடங்கியிருக்கும் லோடு மாட்யூலையா (ஓடத் தயாரான புரோகிராம் தொகுப்பு), ஸ்டெப்பில் (ஜாப்பின் ஒரு கட்டம்) ஓடும் மெயின் புரோகிராமையா, ஜாப்பின் (கணினிக்கு மொத்தமாகக் கொடுக்கும் வேலை) பெயரையா, ஆன்லைன் வேலைகளை நடத்தும் மென்பொருளான சிஐசிஎஸ் டிரான்ஸாக்‌ஷனையா? ஐந்துக்கும் ஐந்து வழி. இந்த விஷயத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை, ஒன்றைத் தேடி இன்னொன்றைப் பெற்றுக்கொண்டதால் வருபவைதான்.

இது எதற்குத் தேவைப்படுகிறது?

நான் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். தேதியைச் சரிபார்க்கும் பொது சப்ரூட்டீன் ஒன்று. தவறான தேதி வந்தால் லாகில் (பதிவேட்டில்) ஒரு வரி எழுதும்: "தவறான தேதி", அப்புறம் அந்த எட்டு இலக்கங்கள். அவ்வளவுதான். ஒரு ராத்திரி பேட்சில் (வரிசையாகத் தானே ஓடும் ஜாப்களில்) அந்த வரி ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தது. ஜாப் தெரியும், ஸ்டெப்பும் தெரியும். ஆனால் அந்த ஸ்டெப்பின் மெயின் புரோகிராம் ஆறு மாட்யூல்களைக் கூப்பிடுகிறது, ஆறுமே இந்தத் தேதி ரூட்டீனைக் கூப்பிடுகின்றன. ஆறில் எது என்று தேட இரண்டு நாள் போயிற்று. லாக் வரியில் காலரின் பெயர் இருந்திருந்தால் அது பத்து நிமிட வேலை.

பிழை தேடுவது தவிர வேறு காரணங்களும் உண்டு. பழைய ரூட்டீன் ஒன்றை நிறுத்த வேண்டும், இன்னும் யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியவேண்டும். அல்லது ஒரு ரூட்டீன் திடீரென்று பத்து மடங்கு அதிகமாகக் கூப்பிடப்படுகிறது, யாரால் என்று பார்க்கவேண்டும்.

கோபோலிலேயே இதற்கு ஒரு ஃபங்‌ஷன் இல்லையா?

கோபோல் என்ற நிரல் மொழிக்கு ஐபிஎம் தரும் என்டர்பிரைஸ் கோபோலில் இல்லை. குனூகோபோல் என்ற இலவசக் கோபோலில் மாட்யூல்-காலர்-ஐடி என்ற ஃபங்‌ஷன் உண்டு. அதைப் பார்த்துவிட்டு மெயின்ஃபிரேமிலும் எழுதிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், கம்பைலர் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றுவது) ஏற்காது. சுத்தமான கோபோலில் ரெஜிஸ்டர் 13ஐயோ 14ஐயோ தொடவும் வழியில்லை. அதனால் அசெம்பிளரில் (இயந்திரக் கட்டளை அளவிலான மொழி) எழுதிய சின்ன உதவி ரூட்டீன் ஒன்றோ, லாங்வேஜ் என்விரான்மென்ட் (கோபோல், சி போன்ற மொழிகளின் பொது இயக்கச் சூழல்) தரும் சேவையோ, சிஐசிஎஸ் கட்டளையோ தேவைப்படும்.

சேவ் ஏரியா சங்கிலி என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

இசட்/ஓஎஸ்ஸின் மூதாதையான ஓஎஸ்/360 காலத்திலிருந்து வரும் மரபு இது. ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கூப்பிடும்போது நான்கு ரெஜிஸ்டர்களுக்கு நிலையான வேலை உண்டு. 1இல் பாராமீட்டர் பட்டியலின் முகவரி. 13இல் கூப்பிடுபவரின் சேவ் ஏரியா முகவரி. 14இல் திரும்பிவர வேண்டிய முகவரி. 15இல் கூப்பிடப்படுபவரின் என்ட்ரி பாயிண்ட், அதாவது அவர் ஓட ஆரம்பிக்கும் முகவரி.

சேவ் ஏரியா என்பது ரெஜிஸ்டர்களைச் சேமித்துவைக்கும் 72 பைட் இடம், அதாவது 18 ஃபுல்வேர்டு (ஒன்றுக்கு நான்கு பைட்). அதில் நமக்கு வேண்டியவை மூன்றே இடங்கள். ஆஃப்செட் 4இல் (தொடக்கத்திலிருந்து 4 பைட் தள்ளி) முந்தைய சேவ் ஏரியாவின் முகவரி. ஆஃப்செட் 12இல் ரெஜிஸ்டர் 14. ஆஃப்செட் 16இல் ரெஜிஸ்டர் 15. (ஆஃப்செட் 8இல் அடுத்த சேவ் ஏரியாவின் முகவரி இருக்கவேண்டும், ஆனால் எல்லோரும் அதை ஒழுங்காக நிரப்புவதில்லை. அதை நம்பி எதுவும் எழுதாதீர்கள்.)

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கூப்பிடப்பட்டவர் உள்ளே நுழைந்ததும் ரெஜிஸ்டர்களைச் சேமிப்பது தன்னுடைய சேவ் ஏரியாவில் அல்ல, கூப்பிட்டவருடைய சேவ் ஏரியாவில். ஆக ஒருவருடைய சேவ் ஏரியாவில் இருக்கும் 14உம் 15உம் அவர் கடைசியாகக் கூப்பிட்ட ஆளைப் பற்றிய தகவல். 15 என்பது கூப்பிடப்பட்டவரின் என்ட்ரி பாயிண்ட். 14 என்பது கூப்பிட்டவருக்குள் திரும்பவேண்டிய இடம்.

மூன்று புரோகிராம்களை வைத்துப் பார்க்கலாம். மெயின் ஒரு கணக்கு மாட்யூலைக் கூப்பிடுகிறது, கணக்கு மாட்யூல் உங்கள் தேதி ரூட்டீனைக் கூப்பிடுகிறது. தேதி ரூட்டீன், "யார் கூப்பிட்டது?" என்று கேட்க அசெம்பிளர் உதவி ரூட்டீனைக் கூப்பிடுகிறது. இப்போது உதவி ரூட்டீனுக்குள் நிற்கிறோம். ரெஜிஸ்டர் 13 தேதி ரூட்டீனின் சேவ் ஏரியாவைக் காட்டும். அதன் ஆஃப்செட் 4ஐப் பிடித்து ஒரு படி மேலே போனால் கணக்கு மாட்யூலின் சேவ் ஏரியா. அங்கே ஆஃப்செட் 12இல், தேதி ரூட்டீன் நுழையும்போது சேமித்த 14 இருக்கிறது. அதுதான் கணக்கு மாட்யூலுக்குள் திரும்பும் இடம். கணக்கு மாட்யூலின் என்ட்ரி பாயிண்டும் வேண்டுமென்றால் இன்னொரு படி ஏறுங்கள்: மெயினின் சேவ் ஏரியா, ஆஃப்செட் 16.

திரும்பும் முகவரி ஒரு சேவ் ஏரியாவில், என்ட்ரி பாயிண்ட் அதற்கும் மேலே உள்ளதில். இந்த ஒரு படி வித்தியாசத்தைத் தவறவிட்டால் கூப்பிட்டவரின் பெயருக்குப் பதிலாக உங்கள் பெயரே பதிலாக வரும்.

லாங்வேஜ் என்விரான்மென்டில் ஓடும் கோபோல், பிஎல்/ஐ, சாதாரண 31-பிட் சி புரோகிராம்களுக்கும் இதே கதைதான். அவற்றின் ஸ்டாக் ஃபிரேமின் (ஒவ்வொரு காலுக்கும் மெமரியில் ஒதுக்கும் இடம்) முதல் 72 பைட் இந்த சேவ் ஏரியாவே.

முகவரி கிடைத்துவிட்டது. பெயராக மாற்றுவது எப்படி?

சிஎஸ்விகுவெரி என்ற அசெம்பிளர் மேக்ரோ இருக்கிறது. இன்ஆடர் என்ற பாராமீட்டரில் முகவரியைக் கொடுத்தால், அந்த முகவரி எந்த லோடு மாட்யூலுக்குள் விழுகிறது என்று சொல்லும். மாட்யூலின் பெயர், தொடக்க முகவரி, நீளம் எல்லாம் கேட்டு வாங்கலாம். மாட்யூலுக்கு மாற்றுப்பெயர் இருக்கிறது என்றால் முதன்மைப் பெயரைத் தரும் அவுட்எம்ஜேஎன்எம் பாராமீட்டரைப் பயன்படுத்துங்கள். லாகில் ஒரே புரோகிராம் இரண்டு பெயரில் வந்து குழப்பாது.

கொடுக்கும் முன் முகவரியைச் சுத்தம் செய்யவேண்டும். 31-பிட் பயன்முறையில் ரெஜிஸ்டர் 14இன் முதல் பிட் 1ஆக இருக்கும், அது முகவரியின் பகுதி இல்லை. பதினாறடிமான எண்ணில் 92402346 என்று டம்பில் (மெமரியின் அச்சுப்பதிவில்) தெரிந்தால் உண்மையான முகவரி 12402346. 24-பிட் காலராக இருந்தால் மேலே உள்ள எட்டு பிட்டுகளையும் நீக்குங்கள்.

மேக்ரோ தரும் ரிட்டர்ன் கோடையும் (வேலை சரியாக முடிந்ததா என்று சொல்லும் எண்) பாருங்கள். சுழியம் வரவில்லை என்றால் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் உள்ளதை நம்பக்கூடாது.

லோடு மாட்யூல் பெயர்தான் வருகிறது. எனக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் புரோகிராம். என்ன செய்வது?

ஸ்டாட்டிக் காலில் (கூப்பிடப்படுவதை முன்கூட்டியே அதே லோடு மாட்யூலில் இணைத்துவிடும் முறை) வரும் சிக்கல் இது. பத்து புரோகிராம்களை ஒன்றாகப் பைண்ட் செய்திருந்தால், பத்துக்கும் லோடு மாட்யூல் ஒன்றே. சிஎஸ்விகுவெரி அதற்குள் எட்டிப் பார்க்காது. இப்போது என்ட்ரி பாயிண்ட் வேண்டும், அதை எடுப்பது எப்படி என்று மேலே சொல்லியாயிற்று.

பழைய அசெம்பிளர் புரோகிராம்கள் சேவ் மேக்ரோவைப் பெயரோடு பயன்படுத்தியிருந்தால், என்ட்ரி பாயிண்டில் முதலில் ஒரு பிராஞ்ச் கட்டளை, நான்கு பைட். ஆஃப்செட் 4இல் பெயரின் நீளம், ஒரு பைட். ஆஃப்செட் 5இலிருந்து பெயர். எடுத்துவிடலாம்.

அதே ஆஃப்செட் 5இல் "சிஈஈ" என்ற மூன்று எழுத்து இருந்தால் அது புரோகிராமின் பெயர் இல்லை, லாங்வேஜ் என்விரான்மென்டின் முத்திரை. அப்போது ஆஃப்செட் 12இல் உள்ள ஃபுல்வேர்டைப் பாருங்கள். என்ட்ரி பாயிண்டிலிருந்து பிபிஏ1 என்ற தகவல் பகுதி எவ்வளவு தூரம் என்று அது சொல்லும். பிபிஏ1இன் முதல் பைட்டை இரண்டால் பெருக்கினால், பிபிஏ1இன் தொடக்கத்திலிருந்து பெயர் இருக்கும் இடம் வரும். அங்கே முதலில் இரண்டு பைட் நீளம், அப்புறம் பெயர்.

இரண்டும் இல்லாமல் வேறு ஏதோ இருந்தால் யூகிக்காதீர்கள். "தெரியவில்லை" என்று எழுதி, கூடவே முகவரியைப் பதியுங்கள். தவறான பெயர் எழுதிய லாக், பெயரே எழுதாத லாகை விட மோசமானது. நல்லவர் மேல் பழி விழுந்து, பிழை உள்ள புரோகிராம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்.

கம்பைலர் தலைமுறை மாறும்போது இந்தப் பகுதியை மறுபடி சோதியுங்கள். 2013இல் வந்த என்டர்பிரைஸ் கோபோல் 5, கோடு உருவாக்கும் பகுதியையே மாற்றியது. என்ட்ரி பாயிண்டுக்கு இத்தனை பைட் தள்ளி கம்பைல் தேதி இருக்கும் என்பது போன்ற பழைய கணக்குகளை அப்படியே கொண்டுவராதீர்கள்.

அந்தப் புரோகிராமில் என்னை இருபது இடத்தில் கூப்பிடுகிறார்கள். எந்த வரி என்று தெரியுமா?

தெரியும். திரும்பும் முகவரியிலிருந்து என்ட்ரி பாயிண்டைக் கழியுங்கள். திரும்பும் முகவரி 12402346, என்ட்ரி பாயிண்ட் 12401000 என்றால் வித்தியாசம் 1346. காலரை ஆஃப்செட் அல்லது லிஸ்ட் ஆப்ஷனோடு கம்பைல் செய்த பட்டியலைத் திறந்து 1346ஐத் தேடுங்கள். கூப்பிடும் பிஏஎஸ்ஆர் கட்டளை இரண்டு பைட், ஆகவே அது 1344இல் இருக்கும். அந்த ஆஃப்செட் எந்த ஸ்டேட்மென்டுக்குள் வருகிறதோ அதுதான் உங்கள் கால். ஓடிக்கொண்டிருக்கும் லோடு மாட்யூலும் கையில் உள்ள பட்டியலும் ஒரே கம்பைலில் வந்தவைதானா என்று மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எனக்கு அசெம்பிளர் தெரியாது. கோபோலை மட்டும் வைத்து முடியுமா?

பிழை தேடும் நேரத்துக்கு முடியும். சிஈஈ3டிஎம்பி என்ற லாங்வேஜ் என்விரான்மென்ட் சேவையைக் கூப்பிடுங்கள். மூன்று பாராமீட்டர்: 80 பைட் தலைப்பு, 255 பைட் ஆப்ஷன்கள், அப்புறம் ஃபீட்பேக் கோடு. ஆப்ஷன்களில் டிரேஸ்பேக் (கால் சங்கிலியின் பட்டியல்) மட்டும் வைத்து, வேரியபிள்களும் ஃபைல்களும் வேண்டாம் என்று நோவேரியபிள்ஸ், நோஃபைல்ஸ் கொடுங்கள். இல்லாவிட்டால் பக்கம் பக்கமாக வந்து கொட்டும்.

சிஈஈடம்ப் என்ற டிடியில் (ஜாப்பில் ஒரு கோப்பைக் குறிக்கும் பெயர்) முழுக் கால் சங்கிலியும் அட்டவணையாக வரும். எந்த புரோகிராம், எந்த லோடு மாட்யூல், எந்த ஆஃப்செட், வசதி இருந்தால் ஸ்டேட்மென்ட் எண் கூட. மேல் வரிசையில் நீங்கள், அடுத்து உங்களைக் கூப்பிட்டவர், கடைசியில் மெயின். புரோகிராம் அபெண்ட் ஆகாது (பாதியில் விழாது), தொடர்ந்து ஓடும். சிஐசிஎஸ்ஸில் இதே டம்ப் சிஈஎஸ்ஈ என்ற கியூவுக்குப் போகும்.

மேலே சொன்ன தேதி ரூட்டீன் விவகாரம் கடைசியில் இப்படித்தான் தீர்ந்தது. பிழை வந்தால் முதல் முறை மட்டும் டம்ப் எடு என்று ஒரு ஃபிளாக் வைத்து ஓட்டினோம். ஒரே ஓட்டத்தில் காலர் பிடிபட்டது. அந்த ஃபிளாகை மறந்துவிடாதீர்கள், ஒவ்வொரு பிழைக்கும் டம்ப் எழுதினால் ஸ்பூல் (ஜாப்களின் வெளியீடு சேரும் இடம்) நிரம்பிவிடும்.

டிரேஸ்பேக்கை ஒரு வேரியபிளில் வாங்கி நிரந்தரமாக லாகில் எழுதுவதற்கு இது பொருந்தாது. பார்க்க மட்டும்தான்.

ஜாப் பெயரும் ஸ்டெப் பெயரும் போதும். அதை எப்படி எடுப்பது?

இது கோபோலிலேயே எளிது. லிங்கேஜ் செக்‌ஷனில் பாயிண்டர்களை வைத்து முகவரி 540இல் (இது பதின்ம எண்) உள்ளதைப் படியுங்கள். அது இப்போது ஓடும் டாஸ்க்கின் டிசிபி (ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த டாஸ்க்குக்கு வைத்திருக்கும் தகவல் பகுதி) முகவரி. டிசிபியில் ஆஃப்செட் 12, டிஐஓடி என்ற அட்டவணையின் முகவரி. டிஐஓடியின் முதல் எட்டு பைட் ஜாப் பெயர், அடுத்த பதினாறு பைட்டில் ஸ்டெப் பெயரும், புரோசீஜர் இருந்தால் அதன் ஸ்டெப் பெயரும். காலர் யார் என்று இது சொல்லாது. ஆனால் லாகில் காலர் பெயரோடு இதையும் சேர்த்து எழுதினால் தேடுவது பாதியாகக் குறையும்.

டிசிபியிலிருந்து ஆர்பி சங்கிலியைப் பிடித்துப் போனால் எப்போதும் மெயின் புரோகிராம் பெயரே வருகிறது. ஏன்?

அது சரியாகத்தான் வேலை செய்கிறது. ஆர்பி என்பது ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்திருக்கும் கணக்கு. லிங்க் மேக்ரோ வழியாகக் கூப்பிட்டால் புதிய ஆர்பி ஒன்று உருவாகும். கோபோல் கால் அப்படிப் போவதில்லை. ஸ்டாட்டிக் கால் என்றால் நேராகப் பிராஞ்ச். டைனமிக் கால் என்றால் மாட்யூலை மெமரிக்குள் லோடு செய்து, அப்புறம் அதே பிராஞ்ச். எத்தனை சப்ரூட்டீன் ஆழம் போனாலும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பார்வையில் ஓடுவது ஜேசிஎல்லில் (ஜாப்பை விவரிக்கும் மொழி) எழுதிய அந்த ஒரு புரோகிராம்தான். மெயின் எது என்று தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இது நல்ல வழி.

சிஐசிஎஸ்ஸில் காலரை எப்படித் தெரிந்துகொள்வது?

அசைன் கட்டளையில் இன்வோக்கிங்புரோக் என்ற ஆப்ஷன் கொடுத்தால், லிங்க் அல்லது எக்ஸ்சிடிஎல் கட்டளையால் உங்களை இயக்கிய புரோகிராமின் பெயர் எட்டு எழுத்தில் வரும். அசெம்பிளர் வேண்டாம், கணக்கும் வேண்டாம். டிரான்ஸாக்‌ஷன் தானே நேராகத் தொடங்கிய முதல் புரோகிராமாக நீங்கள் இருந்தால் வெற்றிடம் வரும். டிரான்ஸாக்‌ஷன் பெயர் எப்படியும் சிஐசிஎஸ் தரும் ஈஐபிடிஆர்என்ஐடி என்ற புலத்தில் இருக்கிறது.

கவனிக்கவேண்டியது ஒன்று. கோபோல் கால் மூலம் வந்தவரை சிஐசிஎஸ் புதிய நிலையாகக் கணக்கில் எடுப்பதில்லை. உங்களை ஒருவர் கால் செய்து, அவரை இன்னொருவர் லிங்க் செய்திருந்தால், இன்வோக்கிங்புரோக்கில் வருவது அந்த மூன்றாவது ஆளின் பெயர். லாகைப் படிப்பவர் அதை நேரடிக் காலர் என்று நினைத்துவிடுவார். கால் வழி வருபவர்களுக்குச் சேவ் ஏரியா சங்கிலிதான் கதி. அங்கேயும் சிஎஸ்விகுவெரி கைகொடுக்காது, ஏனென்றால் அப்ளிகேஷன் புரோகிராம்களை லோடு செய்வது சிஐசிஎஸ்ஸே, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மாட்யூல் பட்டியலில் அவை இருக்காது. என்ட்ரி பாயிண்ட் வழியாகப் பெயரைப் படிக்கவேண்டும்.

சங்கிலி அறுந்துபோகும் இடங்கள் உண்டா?

உண்டு. ஆஃப்செட் 4இல் முகவரிக்குப் பதிலாக "எஃப்1எஸ்ஏ" என்ற எழுத்துகள் இருந்தால், அந்தப் புரோகிராம் ரெஜிஸ்டர்களை லிங்கேஜ் ஸ்டாக்கில் (சிஸ்டமே பராமரிக்கும் தனிச் சேமிப்பிடம்) வைத்திருக்கிறது. எஃப்4எஸ்ஏ, எஃப்5எஸ்ஏ போன்றவை இருந்தால் 64-பிட் சேவ் ஏரியா, அதன் அமைப்பே வேறு. இந்த எழுத்துகளை முகவரி என்று நினைத்துப் பின்தொடர்ந்தால் எஸ்0சி4 அபெண்ட் (தொடக்கூடாத முகவரியைத் தொட்டதற்கான பிழை) வர அதிக வாய்ப்பு. ஒவ்வொரு படியிலும் முதலில் இதைச் சோதியுங்கள்.

எக்ஸ்பிலிங்க் என்ற வேறு கால் முறையில் கம்பைல் செய்த சி புரோகிராம்கள் முற்றிலும் வேறு உலகம். ஸ்டாக் கீழ்நோக்கி வளரும், ரெஜிஸ்டர் 4 ஸ்டாக்கைக் காட்டும், திரும்பும் முகவரி ரெஜிஸ்டர் 7இல். அப்படிப்பட்ட காலர் வர வாய்ப்பிருந்தால் நீங்களே சங்கிலியைப் பிடிக்காமல் லாங்வேஜ் என்விரான்மென்டின் டிரேஸ்பேக் சேவைகளிடம் விட்டுவிடுங்கள்.

லட்சக்கணக்கில் கூப்பிடப்படும் ரூட்டீன். ஒவ்வொரு முறையும் இதைச் செய்தால் சிபியூ தாங்குமா?

ஒவ்வொரு முறையும் செய்யத் தேவையில்லை. போன முறை வந்த திரும்பும் முகவரியையும் அதற்குக் கிடைத்த பெயரையும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை அதே முகவரி என்றால் அதே பெயர். பேட்சில் ஒரே லூப்பிலிருந்துதான் பெரும்பாலான கால்கள் வரும், ஆகவே இந்த ஒரு ஒப்பீடே போதும். நடுவில் யாராவது கேன்சல் ஸ்டேட்மென்டால் மாட்யூலை நீக்கி, அதே இடத்தில் வேறொன்று ஏறினால் பெயர் தவறும். கேன்சல் பயன்படுத்தும் அப்ளிகேஷன் என்றால் இந்தக் குறுக்குவழி வேண்டாம்.

காலரின் பெயரைப் பார்த்து அனுமதி கொடுக்கலாமா?

கூடாது. சேவ் ஏரியா காலரின் சொந்த மெமரி, அவர் அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அதே பெயரில் இன்னொரு லோடு மாட்யூலை வேறு லைப்ரரியில் வைப்பதும் கடினமில்லை. அனுமதி என்பது ராக்ஃப் போன்ற பாதுகாப்பு மென்பொருளின் வேலை. குறிப்பிட்ட புரோகிராம் வழியாக வந்தால் மட்டும் டேட்டாசெட்டைத் திறக்கவிடும் வசதி அதிலேயே இருக்கிறது.

இவ்வளவு பாடுபடுவதற்குக் காலரே பெயரைச் சொல்லிவிட்டு வரலாமே?

புதிதாக எழுதும் ரூட்டீன் என்றால் அதைத்தான் செய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாராமீட்டர் ரெக்கார்டில் எட்டு பைட்டை முதல் நாளே ஒதுக்குங்கள். கம்பைலர் மாறினாலும் சிஐசிஎஸ்ஸுக்குப் போனாலும் அது உடையாது.

ஏற்கெனவே இருநூறு பேர் கூப்பிடும் ரூட்டீனில்தான் யோசிக்கவேண்டும். பட்டியலின் கடைசியில் புதிய பாராமீட்டரைச் சேர்த்தால், மறுகம்பைல் ஆகாத பழைய காலர்கள் அதை அனுப்பமாட்டார்கள். அந்த இடத்தில் என்ன குப்பை இருக்கிறதோ அதைக் கோபோல் முகவரியாக எடுத்துக்கொள்ளும். நல்ல காலம் இருந்தால் உடனே எஸ்0சி4, இல்லாவிட்டால் தவறான டேட்டாவோடு ஓடிக்கொண்டே இருக்கும். இப்போதுள்ள ரெக்கார்டில் ஃபில்லர் (பயன்படாத காலி இடம்) இருந்தால் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் பழையவர்கள் அங்கே வெற்றிடமோ லோ-வேல்யூவோ (எல்லா பிட்டும் சுழியம்) அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்துக் கோடு எழுதுங்கள். இன்னும் பத்திரமான வழி: புதிய பெயரில் ஒரு நுழைவு ரூட்டீன். புதியவர்கள் பெயரோடு அதைக் கூப்பிடட்டும். பழைய பெயரில் வருபவர்களுக்கு மட்டும் சேவ் ஏரியா வழி.

ஓடவிடாமல், யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று பட்டியல் எடுக்கமுடியுமா?

ஓரளவு. மெயின்ஃபிரேமின் மெனுத் திரைகளான ஐஎஸ்பிஎஃப்பில், 3.14இல் சோர்ஸ் லைப்ரரிகளைத் தேடலாம். ஸ்டாட்டிக் கால்களுக்கு ஆம்ப்லிஸ்ட் கருவியில் லோடு மாட்யூலின் எக்ஸ்ரெஃப் (எது எதைக் குறிப்பிடுகிறது என்ற) பட்டியல் எடுத்தால், எந்த மாட்யூலுக்குள் உங்கள் ரூட்டீனின் பிரதி உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். சோர்ஸ் காணாமல் போன புரோகிராம்களும் இதில் சிக்கும். அவற்றில் உள்ளவை பெரும்பாலும் பழைய பிரதிகள். நீங்கள் இன்று ரூட்டீனை மாற்றி லாக் சேர்த்தாலும், மறுபடி பைண்ட் செய்யும் வரை அந்த மாற்றம் அங்கே போய்ச் சேராது.

கால் ஸ்டேட்மென்டில் பெயருக்குப் பதிலாக வேரியபிள் இருந்தால் தேடலில் சிக்காது. பெயர் ஒரு டேபிளிலிருந்தோ ஃபைலிலிருந்தோ வரலாம். சிஸ்டம் தானே எழுதும் பதிவான எஸ்எம்எஃப் 30 ரெக்கார்டில் ஸ்டெப்பின் மெயின் புரோகிராம் பெயர் மட்டுமே இருக்கும், அது கூப்பிட்ட சப்ரூட்டீன்கள் இருக்காது. அதனால் ரூட்டீனை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் செய்யுங்கள்: தேடல் பட்டியல் ஒன்று, ரூட்டீனுக்குள்ளேயே காலர் லாக் ஒன்று. அந்த லாக் மாதக் கடைசி ஓட்டத்தையும் வருடக் கடைசி ஓட்டத்தையும் ஒரு முறையாவது பார்த்திருக்கட்டும். வருடத்தில் ஒரே ஒரு நாள் ஓடும் ஜாப்தான் தேடலில் சிக்காத அந்த வேரியபிள் காலை வைத்திருக்கும்.